பிரேக் அக்காவும் மருந்துக்கடைத் தெருவும்

மகள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று திங்கட்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். மூன்றாம் மாடியிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். லிஃப்ட் இருந்தது. அவள் அப்பாவே எண்ணெய் போட்டு, கம்பி பார்த்து, பெற்ற பிள்ளையைப் போல வைத்திருக்கிற லிஃப்ட். அதில்கூட ஏறவில்லை. கீழே வாசலில் அம்மா காரை ஓடவிட்டுக்கொண்டு காத்திருந்தாள். கூரையில் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை மாட்டிய, டிரைவிங் ஸ்கூலின் வெள்ளைக் கார்.

"ஏறு. ஸ்டேஷன்ல விட்டுடறேன்."

"வேண்டாம். நடந்தே போய்க்கறேன்."

"இந்தப் பெட்டியோடவா? கை அறுந்து போகும்டி."

"என் கைதானே."

மகள் நடந்தாள். அம்மா காரை முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பாதிக் காலில் தாங்கிக்கொண்டு, அவள் பின்னாலேயே ஊர்ந்தாள். ஓட்டப் பழகுகிறவர்களுக்கு அவள் சொல்லித்தருகிற முதல் பாடமே அதுதான்: வண்டி நகரணும், ஆனால் நகருகிற மாதிரித் தெரியக் கூடாது. அப்படித்தான் நகர்ந்தது. முன்னால் பெட்டியோடு ஒருத்தி, பின்னால் எல் போர்டு போட்ட ஒரு கார். எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"என்னக்கா, இப்பல்லாம் நடக்கறதுக்கும் கிளாஸ் எடுக்கறீங்களா?"

மகள் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. பால்காரர் மட்டும் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஸ்டேஷனுக்குக் குறுக்குவழி மருந்துக்கடைத் தெரு. அதன் முனையில் ஒரு பெரிய மரம், மரத்தை ஒட்டி ஒரு கம்பம், கம்பத்தில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பட்டை. உள்ளே நுழையாதே என்று அர்த்தம். மகள் நுழைந்தாள். அம்மா பிரேக்கை மிதித்தாள்.

மகள் மருந்துக்கடை வாசல்வரை போய், பெட்டியைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். கார் முனையில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் முகம் தெரிந்ததோ இல்லையோ, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தபடி நின்றாள். பிறகு பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

அம்மா காரைப் பின்னால் எடுத்து, சந்தை வழியாகச் சுற்றி, மேம்பாலம் ஏறி இறங்கி, பஸ் நிலையத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் போயிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு பெண் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "கால எடுங்கம்மா" என்றாள். எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். லிஃப்ட் மெக்கானிக். எதையும் மெதுவாகக் கேட்கிற மனுஷர்.

"ஒன்வேயில கார் போகக் கூடாது, சரி. காரை ஓரமா நிறுத்திட்டு நீ இறங்கி ஓடியிருக்கலாமே?"

காரை விட்டு இறங்கலாம் என்ற எண்ணமே தனக்கு வரவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஊரில் பாதிப் பேர் அவளிடம் கார் ஓட்டப் பழகியவர்கள். எல்லாருக்கும் அவள் 'பிரேக் அக்கா'. பழகுகிற காரில், சொல்லித்தருகிறவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அவள் கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். மெல்ல ஒரு அழுத்து, வண்டி நிற்கும். தாங்களே நிறுத்தியதாக மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். காலுக்கு அது அப்படிப் பழகிப்போயிருந்தது. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் யாராவது வேகமாக ஓடினால் இவள் கால் தரையை அழுத்தும். "நம்ம குடும்பத்துல ஏத்தறதும் இறக்கறதும் நான், நிறுத்தறது மட்டும் இவ" என்று கணவர் எல்லாரிடமும் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவளின் மகள் கார் ஓட்டப் பழகவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சிரித்தது. மகள் மக்கில்லை. ஆற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கிற படிப்புப் படித்தவள். கிட்டத்தில் இருக்கிற இடத்துக்கெல்லாம் எதற்கு ஒரு டன் இரும்பை இழுத்துக்கொண்டு போகணும் என்பாள். கல்லூரிக்கும் நூலகத்துக்கும் நடந்தே போவாள். எலுமிச்சம்பழம் வாங்கக்கூட அம்மா சாவியை எடுப்பதைப் பார்த்தால், "அம்மா, அந்தப் பழம் காரைவிடச் சின்னது" என்பாள்.

கிளம்புவதற்கு முன்னால் வந்த சனிக்கிழமை, டிரைவிங் ஸ்கூல் முதலாளி மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தார். மகள் டீ கொண்டுவந்தாள். "பாப்பா எப்ப லைசென்ஸ் எடுக்கப்போகுது?" என்று முதலாளி கேட்டார். அம்மா சும்மா இருந்திருக்கலாம்.

"அதுக்குப் பயம் சார். பயம்னு சொல்ல வெக்கப்பட்டுகிட்டு கொள்கைன்னு பேர் வெச்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மகள் தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அம்மாவிடம் அவள் பேசியது அந்தத் திங்கட்கிழமை வாசலில் பேசிய ரெண்டு வார்த்தைதான்.

ஆற்றுத் தண்ணீர் சோதிக்கிற வேலைக்குப் போன ஊரிலிருந்து மகள் அப்பாவுக்குத்தான் போன் செய்தாள். அம்மா கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓயும். அப்பா ஸ்பீக்கரில் போட்டு, "அம்மா பக்கத்துலதான் இருக்கா" என்பார். "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று அந்தப் பக்கம் குரல் மாறும். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னது தப்புதான். ஆனால் பெற்றவள் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? இதற்கு முன்னாலும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஒரே சீப்பால் தலை வாரிக்கொள்வார்கள். இந்தத் தடவை வேறு என்னமோ நடந்திருக்கிறது. என்ன அது? அந்தத் தெருவில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாளே, அது எதற்கு?

ஒருநாள் வகுப்பு முடிந்து, காரை ஸ்கூலில் விட்டுவிட்டு, அந்தத் தெரு எவ்வளவு தூரம்தான் இருக்கிறது பார்ப்போம் என்று நடந்து கிளம்பினாள். இறங்கி ஓடியிருந்தால் பிடித்திருக்க முடியுமா என்று தெரிய வேண்டும். முனைக்கு வந்தாள். சிவப்பு வட்டம். கால் நின்றது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. அப்படியே திரும்பி, சந்தை வழியாகச் சுற்றி, மேம்பாலத்தின் ஓரத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போக, புடவை முந்தானையை மூக்கில் பிடித்தபடி ஸ்டேஷன்வரை நடந்து, வீட்டுக்கு வந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க போயிட்டு வர்ற?"

சொன்னாள். கணவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கார் இல்லாமலே ஒன்வேக்கு நின்னியா? ஹாரன் அடிச்சியா, அதையாவது சொல்லு."

"சிரிக்காதீங்க. எனக்கே என்னமோ ஆயிடுச்சோன்னு இருக்கு."

"ஒண்ணும் ஆகல. இன்ஜினை அணைச்சும் வண்டி உருண்டுகிட்டிருக்கு. நாளைக்கும் போ."

மறுநாளும் போனாள். முனையில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, திருட்டுத்தனமாக உள்ளே காலை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தெரு ரொம்பச் சின்னது. ரெண்டு பாட்டு முணுமுணுப்பதற்குள் ஸ்டேஷன் கூரை தெரிந்தது. மெல்ல நடந்திருந்தாலும் பிடித்திருக்கலாம். அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அதே தெரு வழியாகத் திரும்பி வந்தாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஏன் போகிறாள்? மகளுக்காகவா? மகள் பார்க்கவா போகிறாள்? உடம்புக்காகவா? உடம்பு வேண்டாம் என்றுதான் கதறியது.

அதைவிட வேடிக்கை, வழி தெரியாமல் போனது. காரில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிற ஊர். நடந்தால் வேறு ஊராக இருந்தது. காரிலிருந்து பார்த்தால் கடைகளின் பெயர்ப்பலகை தெரியும். நடந்தால் படியும் சாக்கடையும் செருப்பும் தெரிந்தன. ஒரு தடவை தன் ஸ்கூலுக்குப் பின்தெருவிலேயே நின்றுகொண்டு, தையல்காரர் ஒருவரிடம் ஸ்கூலுக்கு வழி கேட்டாள். அவர் அவளிடம் ஓட்டப் பழகியவர். "அக்கா, என்னை டெஸ்ட் பண்றீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

நடை அவளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டது. வருகிற வழியில் காய் வாங்கினாள். காரில் என்றால் கடைக்காரர் கொடுக்கும் பைகளைப் பின்சீட்டில் எறிந்துவிடலாம். கையில் தூக்கினால் அந்த மெல்லிய பிளாஸ்டிக் காது விரலை அறுத்தது. ஒருநாள் அது அறுந்தேபோனது. எலுமிச்சம்பழங்கள் சரிவில் உருண்டன. பின்னாலேயே ஓடினாள். ஒன்று போய்ச் சாக்கடை வாயில் நின்றது. நிறுத்தியது அவள் முன்தினம் தூக்கி எறிந்ததைப் போலவே இருந்த ஒரு பிளாஸ்டிக் பை. தண்ணீர் போகவிடாமல் அது அங்கே உட்கார்ந்திருந்தது. தன்னுடையதுதானா என்று குனிந்து பார்த்தாள். எல்லாப் பையும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது? குச்சியால் அதைத் தள்ளி எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். மறுநாள் பழைய தலையணை உறை ஒன்றை எடுத்துக் கைப்பிடி வைத்துத் தைத்துக்கொண்டாள்.

தூக்க முடிந்ததைத்தான் வாங்க முடிந்தது. அதனால் கொஞ்சமாக வாங்கினாள். வாரக் கடைசியில் அழுகிய தக்காளியை எறிகிற வேலை தானாக நின்றது. "ஃபிரிட்ஜைத் திறந்தா எதிரொலி கேக்குது" என்றார் கணவர். எண்ணெய்க்கு வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் எடுத்துப் போனாள். இதெல்லாம் நல்ல பழக்கம் என்று தெரிந்து செய்யவில்லை. ஒன்றை இழுத்தால் இன்னொன்று வந்தது, அவ்வளவுதான். மகள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதுதானோ, அல்லது இது வேறோ? கேட்கலாம் என்றால் மகள் போனை எடுப்பதில்லை.

ஒருநாள் சந்தை முனையில், நின்றுகொண்டே ஓடிக்கொண்டிருந்த ஒரு காரின் பின்னால் மாட்டிக்கொண்டாள். புகை நேரே முகத்தில். இருமி இருமிக் கண் கலங்கியது. யார்டா இது என்று முன்னால் போய்ப் பார்த்தால், கூரையில் சிவப்பு எல். அவர்கள் ஸ்கூல் வண்டிதான். முதலாளி உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவள் மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கூட்டினாள்: நிறுத்தினால் அணைத்துவிடணும். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பல் டாக்டரம்மா ஒருவர் மாதக்கணக்காகப் பழகிக்கொண்டிருந்தார். பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் ஸ்டியரிங்கைத் தப்புப் பக்கம் திருப்புவார்.

"எதுக்கு டாக்டர் கார் பழகறீங்க?"

"கிளினிக் போறதுக்குத்தான்."

"கிளினிக் எங்க?"

"அடுத்த தெரு."

பிரேக் அக்காவின் கால் பெடலில் அழுந்தியது. வண்டி நின்றது. "அடுத்த தெருவுக்கு நடந்தே போகலாமே டாக்டர்" என்று வாய் சொல்லிவிட்டது.

டாக்டரம்மா அன்றோடு வகுப்பை நிறுத்திவிட்டார். சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "ஏம்மா, நீ டிரைவிங் ஸ்கூல்ல வேலை பாக்கறியா, நடக்கற சங்கத்துல இருக்கியா? மீன்கடையில உக்காந்துகிட்டு சைவம் பேசினா எப்படி?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. கார் அவளுக்குப் பிடிக்கும். பயத்தோடு வந்து உட்காருகிற ஒருவர், ஒருநாள் தன் காலைத் தானே நம்பி கிளட்ச்சை விடுகிற அந்த நொடி பிடிக்கும். அது பொய்யில்லை. சாயங்காலம் மரநிழல் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு நடப்பதும் இப்போது பிடித்திருந்தது. அதுவும் பொய்யில்லை. ரெண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்க முடியும்? "இருக்கட்டுமே, ரெண்டு கால் இருக்கில்ல" என்றார் கணவர். அவருக்கென்ன, சொல்லிவிடுவார்.

பிறகு அந்த மழை வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், மருந்துக்கடைத் தெரு முனையில் பிடித்துக்கொண்டது. மரத்தடியில் ஒதுங்கினாள். அடிமரத்தோடு அடிமரமாக ஒட்டிக்கொண்டு, எங்கே ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தாள். கம்பம் தெரிந்தது. சிவப்பு வட்டத்தின் பின்புறம் தெரிந்தது. அதற்குக் கீழே, இலைகளுக்குள் ஒளிந்தாற்போல, இன்னொரு சின்னப் பலகை.

மழையிலேயே வெளியே வந்து, கிளையை ஒரு கையால் விலக்கிப் படித்தாள். 'காலை 8 முதல் இரவு 8 வரை.'

திரும்பப் படித்தாள். தெருவுக்குள் நுழையக் கூடாது, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. எட்டுக்கு முன்னால் என்றால்? நுழையலாம். அன்று விடிந்தும் விடியாத நேரம். கார் நேராக உள்ளே போயிருக்கலாம்.

நனைந்தபடி மருந்துக்கடைப் படியில் போய் நின்றாள். "அண்ணே, அந்தச் சின்ன போர்டு எப்பலேர்ந்து இருக்கு?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கினார். "எதும்மா, நேரம் போட்டதா? பெரிய போர்டு வெச்ச அன்னிக்கே வெச்சது. ராத்திரி சரக்கு லாரியெல்லாம் இப்படித்தானே வருது. நடக்கறவங்க எல்லாருக்கும் தெரியுமே."

"காருக்குள்ளேர்ந்து தெரியல."

"கிளை மறைக்குதில்ல. ஏன், உங்க பொண்ணுக்கு நல்லாத் தெரியுமே. அது காலேஜ் போகையில அங்கதானே நிழல்ல நின்னு ஃபிரெண்டுக்காகக் காத்துகிட்டிருக்கும். ஒருநாள் லாரி ஒண்ணு காலையிலே எட்டு மணி தாண்டி உள்ள வந்துடுச்சின்னு, போர்டைக் காட்டி டிரைவரோட ஒரே சண்டை."

பிரேக் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகளுக்குத் தெரியும். எட்டு மணிக்கு முன்னால் கார் வரலாம் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே ரோடு விதி சொல்லித்தருகிற அம்மாவுக்கு அது தெரியாமல் இருக்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்? இதோ, இந்த வாசலில்தான் பெட்டியை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். தெரு திறந்து கிடக்கிறது. அம்மா காரை ஓடவிட்டுக்கொண்டு முனையில் நிற்கிறாள். வரவில்லை. பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பார்த்தது அதைத்தான்.

கடைக்காரர் ஒரு துண்டைக் கொடுத்தார். அதை வாங்கி, தலையைத் துடைக்காமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவர் முழுக்கக் கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நீங்க அவகிட்ட சொல்லுங்க. எனக்கு அந்த போர்டு தெரியாதுன்னு."

"நான் சொன்னா என்ன சொல்லுவா? அம்மாவுக்கு நீங்க வக்காலத்தான்னு கேப்பா. நீயே சொல்லு."

"போனை எடுத்தாத்தானே! சரி, சொல்றேன்னே வைங்க. போர்டு தெரியாது, அதனால கார்ல வரல. அப்ப ஏன் இறங்கி நடந்து வரலன்னு கேட்டா?"

அவர் யோசித்தார். லிஃப்ட் நடுமாடியில் நின்றுபோனால் யோசிக்கிற மாதிரி, தலையைச் சாய்த்துக்கொண்டு. "தெரியல" என்றார் கடைசியில்.

"எனக்கும் தெரியலங்க."

போனில் எழுதிப் பார்த்தாள். எழுதியதை அழித்தாள். போர்டு விஷயம் எழுதினால் சாக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. டீ கொடுத்த நாளைப் பற்றி எழுதினால் பழைய புண்ணைக் கீறுகிற மாதிரி இருந்தது. ஒன்றும் எழுதாமல் வைத்துவிட்டு நடக்கப் போனாள்.

முதலாளியிடம் போர்டு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. இத்தனை காலமாகத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்டதும், "அவ்வளவுதானே, நகராட்சிக்கு ஒரு வார்த்தை சொல்லு. கிளைய வெட்டி எறிஞ்சிடுவாங்க" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கிளை போனால் அந்த முனையில் நிழல் இல்லை. மகள் நின்ற நிழல். இப்போது இவளும் காய்ப்பையை வைத்து மூச்சு வாங்குகிற நிழல். ஆனால் பலகையை மறைத்ததும் அதே கிளைதான். அது இல்லையென்றால் அன்று போர்டைப் பார்த்திருப்பாள், உள்ளே போயிருப்பாள், இவ்வளவும் வந்திருக்காது. மரத்தின் மேல் கோபப்படுவதா, அதற்காகப் பரிந்து பேசுவதா? ரெண்டு நாள் அந்த முனையில் நின்று நின்று பார்த்தாள். பிறகு நாற்சந்தியில் நிற்கிற போக்குவரத்துக் காவலரிடம் போனாள்.

"கிளைய வெட்டாம, போர்டைக் கீழ இறக்க முடியாதா சார்?"

"வெட்டறது சுலபம்மா. கத்தி இருக்கு, ஆள் இருக்கு. போர்டை இறக்கறதுன்னா அதுக்கு ஸ்பேனர் வேணும், ஏணி வேணும், ஆள் வேணும். யார் வருவா?"

"என் வீட்டுக்காரர் வருவார்."

காவலர் தன் மேலதிகாரியிடம் கேட்டார். அவர், யாரும் கீழே விழாமல் செய்தால் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் ஏணியும் கருவிப்பையுமாக வந்தார், லிஃப்டில் இறங்கி, தெருவில் நடந்து. காவலர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து சார். துரு பிடிச்சிருக்கும்."

"துருவோடதான் சார் என் பொழப்பே. ஏம்மா, எவ்வளவு இறக்கணும்?"

"இன்னும். இன்னும் கொஞ்சம்." அவள் தெரு நடுவில் போய், கார் ஓட்டுகிறவர் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்துகொண்டு நின்றாள். பார்ப்பதற்கு நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. "இன்னும் ஒரு சாண். ம்... நில்லுங்க!"

கால் தரையை அழுத்தியது. கணவர் மேலேயிருந்து அதைப் பார்த்துவிட்டார். "பிரேக் போட்டாச்சு சார், இதுக்கு மேல இறங்காது" என்று காவலரிடம் சொன்னார். காவலர் சிரித்ததில் ஏணி ஆடியது. மருந்துக்கடைக்காரர் மாடி ஜன்னலிலிருந்து, "யாரும் விழுந்து அடிபட்டுடாதீங்கப்பா, இன்னிக்குக் கடை லீவு" என்று கத்தினார்.

பலகை இலைகளுக்குக் கீழே வந்துவிட்டது. கிளை அப்படியே இருந்தது. கணவர் கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். அதில் சிவப்பு வட்டம், கீழே நேரம் போட்ட பலகை, அதற்குக் கீழே தலையணை உறைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி அண்ணாந்து பார்க்கிற ஒரு பெண். அந்தப் படத்தை அவர் யாருக்கு அனுப்பினார் என்று அவள் கேட்கவில்லை.

பதில் ஏதாவது வரும் என்று கொஞ்ச நாள் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். வரவில்லை. மகள் அப்பாவோடு பேசினாள், வழக்கம்போல. ஆற்றில் தண்ணீர் ஏறியதைச் சொன்னாள், இறங்கியதைச் சொன்னாள். அம்மா பற்றிக் கேட்கவில்லை. இல்லை, கேட்டாளோ? ஒருநாள் கணவர் பால்கனிக்குப் போய் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும், "என்ன சொன்னா?" என்றாள். "நீ இப்பவும் நடக்கறியான்னு கேட்டா" என்றார். அது நல்ல கேள்வியா, குத்தலா? அவருக்கும் தெரியவில்லையாம்.

மரம் இலை உதிர்த்தது. மொட்டைக் கிளைகளுக்குக் கீழே ரெண்டு பலகையும் பளிச்சென்று தெரிந்தன. மறுபடி தளிர்விட்டது. அவள் நடந்துகொண்டிருந்தாள். பல் டாக்டரம்மா வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டார். கிளினிக்குக்கு நடந்தே போகிறாராம். கார் பழகுவதை விட்டுவிடவும் மனசில்லையாம். "எனக்கே புரியல அக்கா, ரெண்டும் வேணும்னு இருக்கு" என்றார். "வாங்க, உட்காருங்க" என்று பிரேக் அக்கா கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

அந்த டாக்டரோடுதான் ஒரு புதன்கிழமை ரயில்வே கேட்டில் நின்றிருந்தாள். கேட் மூடியிருந்தது. "அணைச்சிடுங்க" என்றாள். டாக்டர் இன்ஜினை அணைத்தார். கார் நிசப்தமானது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. அப்போது போன் சத்தம் கேட்டது. மகள் பெயர். தவறிப்போய் அப்பாவுக்கு அனுப்ப வேண்டியதைத் தனக்கு அனுப்பிவிட்டாளோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

ரயில் வந்தது, தடதடத்துப் போனது. கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. டாக்டர் சாவியில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா, எடுக்கட்டுமா?" என்று கேட்டார். பிரேக் அக்காவின் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா அனுப்பின போட்டோவைப் பாத்தேன், போர்டை எதுக்கு இறக்கினீங்கன்னு அவர்கிட்ட கேட்டேன். அப்பவே எழுதணும்னு இருந்தேன், என்ன எழுதறதுன்னே தெரியாம இவ்வளவு நாள் ஆயிடுச்சு. அந்தச் சின்ன போர்டு உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதும்மா. உனக்குத் தெரியாத போர்டு ஒண்ணு இந்த ஊர்ல இருக்கும்னு நான் நெனச்சே பாக்கல. நீ வேணும்னேதான் வரலன்னு நெனச்சேன். அன்னிக்குக் கை வலிச்சு நான் பெட்டியைக் கீழ வெக்கல, நீ வருவேன்னுதான் வெச்சேன். வெள்ளிக்கிழமை காலையில வர்றேன், ரயில் எட்டு மணிக்கு முன்னாடியே வந்துடும். ரெண்டு பெட்டி இருக்கு, ஒரு செடியும் இருக்கு. நீ கார்ல வருவியா நடந்து வருவியான்னு இப்ப எனக்குச் சொல்லத் தெரியல. எப்படி வந்தாலும் அந்தத் தெரு வழியாவே வா."